தொட்டித் தண்ணீரில் கால் பங்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று: “தண்ணி பழசாயிடுச்சுன்னு முழுசா மாத்துனேன், மறுநாளே மீனெல்லாம் செத்து மிதக்குது.” அழுக்குத் தண்ணீரில் பிழைத்திருந்த மீன், நல்ல தண்ணீரில் எப்படிச் சாகும்?

மீன் தன் கழிவை அம்மோனியாவாக, பெரும்பாலும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாக்கி, பின் நைட்ரேட்டாக்குவது பாக்டீரியாக்கள். வயலில் போடும் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவையும் இதே வகை பாக்டீரியாக்கள்தான் மாற்றுகின்றன. தொட்டியில் இவற்றின் குடியிருப்பு ஃபில்டர் பஞ்சும் கூழாங்கல்லும். பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் குளோரின் பட்டு அந்தக் குடியிருப்பே அழிந்து, அம்மோனியா மாறாமல் தேங்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரிவதில்லை. நாள்பட்ட தொட்டித் தண்ணீர் மெல்ல மெல்லப் புளித்து அமிலமாகிறது. அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் தீங்கில்லாமல் இருக்கும். அந்த நிலையில் காரத்தன்மையுள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியம் சட்டென நச்சு அம்மோனியாவாகிவிடும். கடலோரத்தை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் உப்பின் அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. மீனுக்கு அது ஆகாது. வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். பல மாதம் மாற்றாமல் விட்ட தொட்டியானால் அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில நாள் இடைவெளியில் திரும்பச் செய்யலாம். முதலில் மோட்டார், ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். டியூபை அடிமட்டத்தில் வைத்து, கூழாங்கல் இடுக்கில் தங்கிய கசடோடு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள்.

குடிநீரில் குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நமக்குக் காவலாயிருக்கும் அது மீனின் செவுளை அரிக்கும். முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும், சூடும் அறையோடு சமமாகும். அவசரமென்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போ மீன் கடைகளில் கிடைக்கும். சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்.

எல்லா மீனும் தண்ணீரை மட்டுமே நம்பி இருப்பதில்லை. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டென்மார்க்காரர், பனைமரத்தில் ஏறிய மீனைக் கண்டதாக எழுதிவைத்தார். நம் பனையேறிக் கெண்டைதான் அது. காற்றையே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். தொட்டியில் வளர்க்கும் தங்கமீனுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரை நம்பியே வாழ்கிறது.

மேட்டூர் அணை திறந்து முள்ளியாற்றில் புதுத் தண்ணீர் வரும்போது, அதிலேயே ஒரு குடம் மொண்டு ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம், வயல் வடிகாலின் பூச்சிமருந்து அதில் கலந்திருக்கலாம்.