எஞ்சின் எண்ணெய்ப் பகுப்பாய்வு

எஞ்சின் எண்ணெய்ப் பகுப்பாய்வு என்பது ஓடிய எஞ்சினின் எண்ணெயை ஆய்வகத்தில் சோதித்து, எண்ணெயின் நிலையையும் எஞ்சினின் தேய்மானத்தையும் அறியும் முறையாகும்.

எஸ்.ஏ.இ. தரப்படி 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிர்நிலைப் பாகுநிலையையும், இரண்டாவது வெப்பநிலைப் பாகுநிலையையும் குறிக்கும். புதிய 30 தர எண்ணெயின் பாகுநிலை 100 பாகை செல்சியசில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்சு வரை இருக்கும். 40 தரத்தில் 12.5 முதல் 16.3 வரை.

அறிக்கையில் பாகுநிலை 9.3-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே 40 தரத்துக்கு மாறுவது சரியன்று. முதலில் தீப்பற்றும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். அதுவும் குறைந்திருந்தால் பெட்ரோல் கலந்திருக்கக்கூடும். கலப்பை நிறுத்தாவிட்டால், தடித்த செயற்கை எண்ணெயும் நாளடைவில் நீர்த்துவிடும். தீப்பற்றும் வெப்பநிலை மாறாதிருந்தால், பாகுநிலையைக் காக்கும் பல்லுறுப்பிகள் சிதைந்திருக்கலாம். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து உயர்வது, தூசி நுழைந்து எஞ்சின் தேய்வதன் அறிகுறியாகலாம். அங்கே கவனிக்க வேண்டியது காற்று வடிகட்டியை, எண்ணெயின் தரத்தை அன்று.