சதுப்பு நிலத்துப் பசுமரம்

மரம் தழைப்பதற்கு நீர் இன்றியமையாதது. ஆயினும், அந்நீரே அளவு கடந்து வேரடியில் தேங்கிவிடுமாயின், மரத்திற்குக் கேடாக முடிகின்றது. இதன் காரணம் யாது? இலைகளேயன்றி வேர்களும் மூச்சு விடுகின்றன. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் தங்கியிருக்கும் காற்றிலிருந்து அவை உயிர்வளியைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால், வேர்கள் மூச்சுத் திணறி அழுகுகின்றன. மழைக்காலத்தில் வடிகாலற்ற தோட்டத்தில் நின்ற வாழை, நீர் சூழ்ந்திருந்தும் இலை பழுத்துச் சாய்வதை உழவர் அனைவரும் கண்டிருப்பர்.

நீரும் நிலமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்து கிடக்கும் இடத்தைச் சதுப்பு என்றும், அள்ளல் என்றும், உளை என்றும் தமிழில் வழங்குவர். கோரையும் நாணலும் செழிக்கும் அத்தகைய நிலத்தில் பெருமரங்கள் அருகியே காணப்படும். ஊசியிலை மரங்களோ எனின், அவை குளிர்ந்த மலைச் சரிவுகளுக்கே உரியவை என்பது பலருடைய எண்ணம். உதகையிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்களைக் கண்டவர் அவ்வாறு எண்ணுதல் இயல்பேயாகும். ஆனால், சேற்று நிலத்தையே தன் பிறப்பிடமாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது, விண்ணளாவ உயர்ந்து நிற்கும் ஊசியிலை மரமும் உலகில் உண்டு. அதுவே நியூசிலாந்து நாட்டுக் கஹிகாத்தியா.

நியூசிலாந்து, பசிபிக் மாகடலின் தென்பகுதியில் அமைந்த தீவு நாடு. அந்நாட்டின் பழங்குடி மக்களாகிய மாவோரியர் இம்மரத்திற்கு இட்ட பெயரே இன்றும் எங்கும் வழங்குகின்றது. இஃது ஏறத்தாழ 200 அடி உயரம் வரையில் வளரும். உயரத்தில் அந்நாட்டு மரங்களுள் முதன்மையானது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழும் ஆற்றல் உடையது. இம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த உறவு மரம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் வளர்கின்றது. மலையாள நாட்டார் நிறம்பல்லி என வழங்கும் அம்மரமே, தென்னிந்தியாவில் மனிதர் நடாமல் இயற்கையாக வளரும் ஒரே கூம்பின மரமாகும்.

கஹிகாத்தியாவின் இலைகள் மிகச் சிறியவை. இளமையில் அவை சிறு கிளையின் இருபுறமும் சீப்பின் பற்களைப் போல வரிசையாக அமைந்திருக்கும். மரம் முதிர்ந்தபின் செதில்களைப் போலக் கிளையோடு ஒட்டிக்கொள்ளும். பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் மகரந்தத்தைக் காற்றே பெண் மரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றது. பைன் மரத்தில் காணும் கட்டையான கூம்பு இதில் இல்லை. செம்மஞ்சள் நிறமான சிறிய சதைப்பகுதியின்மேல் கரிய விதையொன்று புறத்தே அமர்ந்திருக்கும். முந்திரிப் பழத்திற்கு வெளியே அதன் கொட்டை தோன்றுவதை நினைவிற் கொண்டால், இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இனிய அச்சதையை உண்ண வரும் மரப்புறா முதலிய பறவைகள், விதையையும் விழுங்கித் தொலைவில் எச்சமிடுகின்றன. இவ்வாறு மரத்திற்குப் பறவை உழவனாகின்றது. பறவைக்கு மரம் உணவுச்சாலையாகின்றது.

சேற்றில் நிற்கும் இப்பெருமரம் சாயாதிருப்பது எங்ஙனம்? இதன் வேர்கள் ஆழச் செல்வதை நாடுவதில்லை. ஆழத்தில் உயிர்வளி இல்லை. ஆதலின் அவை மேல்மண்ணிலேயே நாற்புறமும் பரந்து செல்கின்றன. அடிமரம் பலகை பலகையாகப் புடைத்து, தேரின் சக்கரத்திற்கு இட்ட முட்டுக்கட்டையைப் போல மரத்தைத் தாங்குகின்றது. மேலும், இம்மரங்கள் தனித்து நிற்பதில்லை, கூட்டமாகவே வளர்கின்றன. ஒன்றன் வேர் மற்றொன்றன் வேரோடு பின்னிப் பிணைந்து, நிலத்தின்கீழ் வலை விரித்தாற்போல அமைகின்றது. புயல் வீசும்போது ஒரு மரத்தைச் சாய்க்க வேண்டுமாயின், காற்று அக்கூட்டம் முழுவதையும் வெல்ல வேண்டும். ஆற்று வெள்ளம் வண்டலைக் கொணர்ந்து அடிமரத்தை மூடினாலும் இம்மரம் அஞ்சுவதில்லை. மூடிய பகுதியிலிருந்தே புதிய வேர்களை விட்டு, உயர்ந்த நிலமட்டத்திற்குத் தக்கவாறு தன்னை அமைத்துக்கொள்கின்றது.

மாவோரியர் இதன் கனிகளைக் கூடை கூடையாகத் தொகுத்து உண்டனர். கனி தேடி வந்த பறவைகளையும் கண்ணி வைத்துப் பிடித்தனர். பிசின் செறிந்த வயிரப் பகுதியை எரித்து, அதன் புகைக்கரியைப் பச்சை குத்தும் மையாகப் பயன்படுத்தினர். பல நூற்றாண்டுகள் மரமும் மக்களும் இவ்வாறு கூடி வாழ்ந்தனர்.

1769ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடலோடியாகிய கேப்டன் குக், அந்நாட்டின் வடதீவில் வைஹோ ஆற்றின் வழியே படகிற் சென்றார். ஆற்றின் இரு மருங்கிலும் அம்புபோல் நிமிர்ந்து நின்ற மரங்களைக் கண்டு வியந்து, ஒன்றை அளந்தும் பார்த்தார். அதன் அடிச்சுற்று ஏறக்குறைய 20 அடி. முதற்கிளையோ 89 அடி உயரத்தில் இருந்தது. கப்பலின் பாய்மரத்திற்கு இதனினும் சிறந்த மரம் இல்லையென்றே எவரும் நினைத்திருப்பர். ஆனால், பின்னர் வந்தோர் வெட்டிப் பயன்படுத்தியபோது, இம்மரம் ஈரத்திலும் வெயிலிலும் நீடித்து உழைக்காமல் உளுத்துப் போவதைக் கண்டனர். உறுதியின்மையே அதற்கு அரணாகிச் சில காலம் அதனைக் காத்தது.

ஆயினும், அவ்வரண் நிலைத்து நிற்கவில்லை. 1882ஆம் ஆண்டில் குளிர்பதனக் கருவி பொருத்திய கப்பலொன்று, இறைச்சியையும் வெண்ணெயையும் ஏற்றிக்கொண்டு நியூசிலாந்திலிருந்து இலண்டன் மாநகரை நலமாகச் சென்றடைந்தது. அதன்பின் வெண்ணெய் ஏற்றுமதி பெருந்தொழிலாக வளர்ந்தது. வெண்ணெய்க்கு ஓர் இயல்பு உண்டு. அருகிலுள்ள பொருளின் மணத்தை அது விரைவிற் பற்றிக்கொள்ளும். பைன் மரப் பெட்டியில் வைத்தால் பைன் நாற்றமே வெண்ணெயிலும் வீசும். கஹிகாத்தியாவின் மரமோ வெண்மையானது; இலேசானது; சிறிதும் மணமற்றது. ஆகவே, வெண்ணெய் அடைக்கும் பெட்டிகள் இம்மரத்தாலேயே செய்யப்பட்டன. ஒரு பெட்டி 56 பவுண்டு வெண்ணெய் கொள்ளும். அத்தகைய பெட்டிகள் எண்ணிறந்தன கடல் கடந்து சென்றன, சென்றவை மீளவில்லை.

மரத்திற்கு நேர்ந்த கேடு இவ்வளவோடு அமையவில்லை. அஃது எந்நிலத்தில் நின்றதோ, அந்நிலம் ஆற்று வண்டல் படிந்த வளமான நிலம். நீரை வடித்துவிட்டால் பசும்புல் செழிக்கும். புல் செழித்தால் கறவை மாடு பெருகும். மாடு பெருகினால் வெண்ணெய் மிகும். வெண்ணெய் மிகுந்தால் பெட்டிக்கு மரம் வேண்டும். இவ்வாறு ஒன்று மற்றொன்றைத் தூண்ட, சதுப்புகள் எங்கும் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டன. குக் மரத்தை அளந்த ஆற்றுப் பகுதியிலும் நீர் வடிப்பதற்கென்று 1908ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னாளில் அட்டைப் பெட்டிகள் வந்து மரப்பெட்டிகளின் தேவையை நீக்கின. ஆனால், அதற்குள் பழைய கஹிகாத்தியாக் காடுகளில் நூற்றில் ஒரு சில பங்கே எஞ்சின.

எஞ்சியவையும் இன்று பெரும்பாலும் மேய்ச்சல் நிலங்களின் நடுவே சிறு சிறு தோப்புகளாக நிற்கின்றன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவை அழகியனவாகவே தோன்றும். அருகிற் சென்று பார்த்தால், வானளாவிய முதிய மரங்கள் உண்டு. அவற்றின் நிழலில் ஒரு கன்றேனும் இல்லை. நிழல் தேடி வரும் மாடுகள் முளைத்த கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. மேலோடிய வேர்களை மிதித்துச் சிதைக்கின்றன. சுற்றிலும் வெட்டிய கால்வாய்கள் நிலத்தடி நீரைக் கீழே இறக்கிவிடுகின்றன. முதியோர் மட்டும் வாழ, குழந்தைகளின் குரல் கேளாத ஊரைப் போன்றன அத்தோப்புகள்.

இந்நிலையை மாற்றுதற்கு அந்நாட்டு உழவர் பலரும் தொண்டர் பலரும் இன்று முயன்று வருகின்றனர். கஹிகாத்தியாவை வளர்க்கும் முறை அறிந்து கொள்ளத்தக்கது.

முதலாவது, நிலத்தை நன்கு ஆராய்தல் வேண்டும். ஈரத்தை விரும்பும் மரமெனினும், இளங்கன்று ஆண்டு முழுவதும் ஆழ்ந்த நீரில் நின்று வாழ மாட்டாது. குளிர்காலத்தில் நீர் ஏறிக் கோடையில் இறங்கும் நிலமே அதற்கு ஏற்றது. எப்போதும் நீர் நிற்கும் இடமாயின், மண்ணைக் குவித்துச் சிறு மேடு கட்டி, அதன்மேல் நடுவர். கன்றின் வேர்க்கழுத்து நீர்மட்டத்திற்கு மேலே நிற்க, வேர் நுனிகள் தாமே ஈரத்தைத் தேடிச் செல்லும்.

இரண்டாவது, விதையைத் தொகுத்தல். தென்பாதி உலகில் மார்ச்சு முதல் மே வரையில் இலையுதிர் காலம். கனி பழுக்கும் காலமும் அதுவே. நட வேண்டிய இடத்திற்கு அண்மையிலுள்ள மரங்களிலிருந்தே விதை எடுப்பர். அவ்விடத்துக் குளிருக்கும் மண்ணுக்கும் பழகிய வழித்தோன்றல் அதுவன்றோ? சதையை நீக்கிக் கழுவி, விதை உலர்ந்து போவதற்கு முன்னரே நாற்றங்காலில் விதைப்பர். முளைத்த கன்றுகளை இரண்டு மூன்று ஆண்டுகள் பேணி, முழங்கால் உயரத்திற்கு மேல் வளர்ந்தபின் வயலுக்குக் கொண்டு செல்வர்.

மூன்றாவது, வேலி. மாடுகள் புகாதவாறு இடத்தை அடைத்த பின்னரே கன்று நடுதல் வேண்டும். வேலி இன்றி நட்டது, மாட்டிற்கு இட்ட தீவனமேயாகும். முதிய தோப்பு ஒன்று அருகில் இருக்குமாயின், அதனையும் சேர்த்து வேலியிட்டு மாடுகளை விலக்குவர். பறவைகள் கொணரும் விதைகளும் தாமே முளைத்து, நடுபவர் வேலையில் பங்கு கொள்ளும்.

நான்காவது, துணைச்செடிகள். வெட்டவெளியில் கன்றைத் தனியே நட்டால், உறைபனியும் காற்றும் அதனை வாட்டும். உயர்ந்து வளரும் புல் அதனை மூடிவிடும். ஆதலின், சதுப்பில் விரைந்து வளரும் மானுக்கா முதலிய புதர்ச்செடிகளையும் நார்ச்செடிகளையும் முதலில் நடுவர். அவை சில ஆண்டுகளில் வளர்ந்து காற்றைத் தடுத்து, புல்லையும் அடக்கும். பின்னர் அவற்றின் இடையே, மேலிருந்து ஒளி விழும் இடங்கள் பார்த்துக் கஹிகாத்தியாவை நடுவர். பக்கத்தில் காவலும் உச்சியில் ஒளியும் பெற்ற கன்று நேராக நிமிர்ந்து வளரும். பின்னாளில் அது துணைச்செடிகளை விஞ்சி மேலே சென்றுவிடும்.

ஐந்தாவது, தொடர்ந்த காவல். முதற்சில ஆண்டுகளில் கன்றைச் சுற்றிலும் களை நீக்குதல் வேண்டும். நம் ஏரிகளில் காணும் நீலத் தாழைக்கோழிக்கு நெருங்கிய உறவான புகேக்கோ என்னும் பறவை, புதிதாக நட்ட கன்றுகளைப் பிடுங்கி எறியும் குறும்புடையது. முயல்களும் கன்றைக் கடிக்கும். ஆகவே கன்றுகளுக்குக் கூண்டிட்டுக் காப்பர். அனைத்தினும் மேலாக, அருகிலுள்ள வடிகால்கள் சதுப்பின் நீரை உறிஞ்சிவிடாதபடி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். நீரை இழந்த நிலத்தில் நீர்மரத்தை எவ்வளவு பேணினும் பயன் என்ன?

இவ்வளவு செய்தாலும் கன்று ஓராண்டில் ஏறத்தாழ ஓரடியே வளரும். நட்டவர் தம் வாழ்நாளில் அதன் முழு உயரத்தைக் காண்பதற்கில்லை. ஆயினும் நடுகின்றனர்.

கிரைஸ்ட்சர்ச் நகரின் நடுவே ரிக்கார்ட்டன் என்னும் சிறு காடு ஒன்று உள்ளது. அப்பகுதியில் குடியேறிய ஜான் டீன்ஸ் என்பவர், 1854ஆம் ஆண்டில் இறக்குந் தறுவாயில், அக்காட்டை அழியாமற் காக்குமாறு தம் மனைவியாகிய ஜேன் அம்மையாரிடம் வேண்டிக்கொண்டார். விறகுக்கும் வீட்டிற்கும் மரம் அரிதாயிருந்த காலம் அது. ஆயினும் அவ்வம்மையார் கணவர் சொல்லைக் காத்தார். 1914ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் அக்காட்டை மக்களுக்கே கொடையாக அளித்தனர். விதைகளையும் பறவைகளையும் அழிக்கும் எலி முதலியன புகாதவாறு 2000ஆம் ஆண்டில் அதனைச் சுற்றிச் சிறந்த வேலி அமைக்கப்பட்டது. பரப்பில் ஏறக்குறைய 19 ஏக்கரே உடைய அக்காட்டில், பல நூற்றாண்டுகள் கண்ட கஹிகாத்தியா மரங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒருவர் வேண்டுகோளும் மற்றொருவர் உறுதியும் ஒரு காட்டைக் காத்தன.

பயனில்லா நிலமென்று ஒதுக்கப்பட்ட சதுப்பு, பெருமரங்களை ஈன்ற தாய்நிலமாக இருந்தது. உறுதியற்றதென்று ஒதுக்கப்பட்ட மரம், புயலுக்கும் வெள்ளத்திற்கும் சாயாத உறுதியோடு வாழ்ந்தது. வேரோடு வேர் பிணைந்து நிற்றலே அதன் வலிமை. தாம் காணாத உயரத்திற்காக இன்று கன்று நடுவாரும், தம்முன் வாழ்ந்தோரோடும் பின் வருவோரோடும் அவ்வாறே பிணைந்து நிற்பவராவர்.