வானோடியும் செங்கோலும்

1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, நம் காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கிப் பின் சென்னை சென்றது. அது டக்கோட்டா இனத்தைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் படைவீரரையும் பொருளையும் சுமந்த அவ்வினமே, போர் ஓய்ந்தபின் ஆசிய நாடுகள் பலவற்றில் விமானப் போக்குவரத்துக்குக் கால்கோளாயிற்று. அதே ஆண்டில், அதே இன விமானங்களைக் கொண்டு, கலிங்கா எயர்லைன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார் வங்கக் கடலோரத்து ஒரிசாவைச் (இன்று ஒடிசா) சேர்ந்த ஒருவர். அவர் பெயர் பிஜயானந்த பட்நாயக். உலகம் அவரைப் பிஜு பட்நாயக் என அழைத்தது.

கலிங்கம் என்றதும் நமக்குச் சயங்கொண்டாரின் பரணியும் குலோத்துங்கன் படையும் நினைவுக்கு வரும். இக்கலிங்க வீரரின் களமோ வானம். 1916ஆம் ஆண்டு கட்டாக்கிற் பிறந்த இவர், விமானியாகப் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கில அரசின் விமானப் போக்குவரத்துப் பணியில் அமர்ந்தார். பகலில் அரசின் ஊர்தியை ஓட்டிய அதே கை, மறைவில் விடுதலைப் போராளிகளுக்கும் துணை செய்தது. அதன் பயனாக 1943இல் சிறை புகுந்தார்.

இவர் பெயரை உலகறியச் செய்தது 1947 யூலையில் நிகழ்ந்த செயல். ஒல்லாந்தர் இந்தோனேசியக் குடியரசின் மீது படையெடுத்த வேளையில், அந்நாட்டின் முன்னாட் பிரதமர் சுத்தான் சாரிரை வெளியே கொண்டுவர நேரு விரும்பினார். பட்நாயக் தம் டக்கோட்டாவில் யாவா சென்று, அவரைச் சிங்கப்பூர் வழியே டில்லி சேர்த்தார். உடன் சென்றவர் அவர் மனைவியார் ஞானவதி. அவரும் விமானி என்பது நம் மாணவியர் அறியத்தக்கது. இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோவின் மகளுக்கு மேகவதி என்னும் பெயரைச் சொன்னவரும் பட்நாயக்கே என்பர். முகிலுக்குரியவள் என்னும் பொருள்படும் அப்பெயரை ஒரு வானோடி தெரிந்தெடுத்தது பொருத்தமே.

1953இல் இந்திய அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியபோது கலிங்கா எயர்லைன்சும் அதனுட் சேர்ந்தது. தொழிற்சாலைகள் நிறுவிய பட்நாயக், 1961இல் ஒரிசாவின் முதலமைச்சரானார். ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. விமானத்தை ஓட்டும் திறனும் நாட்டை ஓட்டும் திறனும் ஒன்றா?

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்து, வினைக்கு உரியவனை ஆராய்ந்து தெளிந்தபின்பே அதனை அவன்பால் ஒப்படைக்க வேண்டும் என்றார். விமானியின் அறையில் முடிவெடுப்பவர் ஒருவர். கணப்பொழுதில் எடுக்க வேண்டும். பிறரைக் கேட்டுக்கொண்டிருந்தால் உயிர்கள் போகும். அமைச்சரின் அறையிலோ ஒவ்வொரு முடிவுக்கும் காரணமும் கணக்கும் காட்ட வேண்டும். கேட்பவர்க்கெல்லாம் விடை சொல்ல வேண்டும்.

பட்நாயக்கிடம் இவ்விரண்டின் மோதலைக் காண்கின்றோம். பரதீப் துறைமுகத்துக்கு 1962இல் நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய அரசின் கைபார்த்து நில்லாது மாநில அரசே அப்பெரும் பணியில் இறங்கியது. 1965இல் மத்திய அரசு அதனைப் பொறுப்பேற்றது. விமானியின் துணிவு நாட்டுக்குத் துறைமுகமாயிற்று. ஆயின், அவர் தொடங்கிய தொழில் நிறுவனங்களுக்கு அவருடைய அரசு சலுகை காட்டியது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1967இல் அமைந்த புதிய மாநில அரசு, முன்னைய அமைச்சர்களின் நடத்தையை ஆராய நீதிபதி கன்னா தலைமையில் ஆணையம் நிறுவியது. தன் ஊர்தியைத் தானே செலுத்திப் பழகியவர்க்குத் தனதும் பொதுவும் பிரியும் எல்லையைக் காத்தல் எளிதன்று.

எனினும் அவர்பால் ஒரு பெருமை உண்டு. 1963இல் காமராசர் பெயரால் வழங்கும் திட்டத்தின்படி, பதவி துறந்து கட்சிப் பணிக்குச் சென்ற முதலமைச்சர்களுள் காமராசரோடு பட்நாயக்கும் ஒருவர். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது மீண்டும் சிறை கண்டார். 1977இல் மத்திய அமைச்சரானார். 1990இல், எழுபத்து நான்காம் வயதில், மீண்டும் முதலமைச்சரானார். 1995இல் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. 1997 ஏப்ரில் 17இல் மறைந்தார். புவனேசுவர விமான நிலையம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

பலாலி விமான நிலையம் 2019இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னைக்கு மீண்டும் வழி பிறந்தது. வானோடியாக விரும்பும் நம் மாணவர் பட்நாயக்கிடம் துணிவைக் கற்கலாம். ஆட்சிக்கு வர விரும்புவோர் அத்துணிவோடு கணக்கையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். விமானத்தில் ஏறியவர் தரை சேருமட்டும் விமானியை நம்பியே இருத்தல் வேண்டும். குடிமக்களோ வழிநெடுகிலும் கேள்வி கேட்கும் உரிமை உடையவர்கள்.