பேசும் கையுறையும் அதிரும் கோலும்

பொறியியல் கல்லூரி ஹேக்கத்தான்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று தலைப்பு கொடுத்துவிட்டால் போதும், ஏதோ ஒரு மேசையில் கம்பிகள் கோத்த கையுறை ஒன்று தயாராகிக்கொண்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி அசைத்தால், பக்கத்தில் இருக்கும் கைப்பேசி 'வணக்கம்' என்றோ 'தண்ணீர் வேண்டும்' என்றோ பேசும். சைகை மொழியைப் பேச்சாக மாற்றுவதாகச் சொல்லப்படும் இந்தக் கருவிக்கு வயது அதிகம். 1980-களிலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'பேசும் கையுறை' ஒன்று உருவானது. 2001-இல் கொலராடோ மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர் அதே வகைக் கையுறைக்காகப் பெரிய அறிவியல் பரிசுகளை வென்றார். 2012-இல் சிட்னியில் நடந்த மைக்ரோசாஃப்ட் மாணவர் போட்டியில் உக்ரைன் அணியின் கையுறைக்கு முதற்பரிசு கிடைத்தது. 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 'சைன்அலவுட்' என்ற கையுறைக்காக 10,000 டாலர் பெற்றார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பரிசு வாங்கிவரும் கருவி, காது கேளாதோரின் அன்றாடப் பொருளாக ஏன் ஆகவில்லை? மாணவர்களின் திறமையில் குறையில்லை. அவர்கள் தீர்க்கப் புறப்பட்ட சிக்கலைக் காது கேளாதோர் சொல்லவில்லை, காது கேட்பவர்களே ஊகித்துக்கொண்டார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

கையுறையின் இயக்கம் எளிமையானது, அழகானதும்கூட. ஒவ்வொரு விரலின் மேலும் மெல்லிய பட்டை போன்ற வளைவு உணரி ஒன்று ஓடுகிறது. அதன்மேல் கரி கலந்த மின்கடத்தும் மை பூசப்பட்டிருக்கும். விரல் நீட்டியிருக்கும்போது பட்டைக்குக் குறிப்பிட்ட அளவு மின்தடை இருக்கும். விரலை மடக்கினால் மைப்பூச்சு இழுபட்டுத் தடை கூடும். தடை மாறும்போது மின்னழுத்தமும் மாறும். மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகை அந்த அழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. ஐந்து விரல்களுக்கு ஐந்து எண்கள். புறங்கையில் ஒட்டிய முடுக்க உணரி, கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்படி நகர்கிறது என்று மேலும் சில எண்களைத் தருகிறது. இந்த எண்வரிசை புளூடூத் வழியே கைப்பேசிக்கோ கணினிக்கோ போகிறது. அங்கே ஏற்கெனவே பதிந்துவைத்த எண்வரிசைகளில் எதோடு இது நெருங்குகிறது என்று நிரல் பார்த்து, அதற்குரிய சொல்லை ஒலிக்கிறது. மின்னணுவியல், சமிக்ஞை, இயந்திரக் கற்றல், செயலி உருவாக்கம் ஆகிய நான்கையும் ஒரே இரவில் தொட்டுவிடலாம். மேடையில் நடுவர்கள் கண்ணெதிரே கை அசைகிறது, உடனே குரல் கேட்கிறது. கற்பதற்கு இது நல்ல பணி என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்த எண்கள் பதிவுசெய்வது கையை மட்டுமே. சைகை மொழி கையோடு முடிவதில்லை. 1960-இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகை மொழியின் ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு ஆகிய கூறுகளாகப் பிரியக்கூடியது என்று காட்டினார். பேச்சுமொழிகளுக்கு உள்ளதைப் போலவே சைகை மொழிகளுக்கும் முழுமையான அமைப்பு உண்டு என்பது அதிலிருந்து நிலைபெற்றது. பின்வந்த ஆய்வுகள் முகத்தையும் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தன. அமெரிக்கச் சைகை மொழியில் ஒரே கையசைவோடு புருவத்தை உயர்த்தினால் அது ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்கும் கேள்வி. தலையை மறுத்து அசைத்தால் அதே வாக்கியம் எதிர்மறை. 'கொடு' என்ற சைகை கொடுப்பவர் இருக்கும் இடத்திலிருந்து பெறுபவர் இருக்கும் இடத்துக்கு நகரும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அந்தத் திசையிலேயே அடங்கிவிடும். விரலின் வளைவை மட்டும் அறிந்த கையுறைக்குப் புருவமும் தெரியாது, முன்பு எந்த இடத்தில் யார் சுட்டப்பட்டார் என்ற நினைவும் கிடையாது. அதனால் அது அறிவது தனித்தனிச் சொற்களை, பல வேளைகளில் வெறும் எழுத்துகளை. இன்னொன்றும் உண்டு. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டுவார்கள், அமெரிக்கச் சைகை மொழியில் ஒரே கையால். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க எழுத்துத் தொகுப்பைக் கொண்டு பயிற்றுவித்த ஒற்றைக் கையுறை, நம் ஊர்ச் சைகையாளர் முன் வைத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும்.

கருவி முதிர்ந்தால் இந்தக் குறை போய்விடும் என்று சொல்லலாம். 2020-இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 660 சைகைகளை அறியும் கையுறையை வெளியிட்டபோது, சோதனையில் கலந்துகொண்டவர்களின் புருவங்களுக்கு நடுவிலும் வாயோரத்திலும் உணரிகளை ஒட்டி முகபாவத்தையும் பதிவுசெய்யப் பார்த்தார்கள். தொழில்நுட்பமாக அது முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வங்கிக்குப் போகும் காது கேளாத பெண் முகத்தில் உணரி ஒட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, மின்கலத்துக்கு மின்னேற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரே இருக்கும் ஊழியருக்கு எந்த வேலையும் இல்லை. அவர் சொல்லும் பதில் இவருக்கு எப்படிப் புரியும் என்பதற்குக் கையுறையில் வழியே கிடையாது. உரையாடலின் சுமை முழுவதும் ஏற்கெனவே சிரமப்படுபவர் மேல் ஏறுகிறது, பயன் காது கேட்பவருக்குப் போகிறது. சைன்அலவுட் பரிசு பெற்ற ஆண்டிலேயே அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியர்களும் மொழியியலாளர் எமிலி பெண்டரும் சேர்ந்து திறந்த கடிதம் எழுதி, இந்தக் கையுறை மொழிபெயர்ப்பு செய்வதாகச் சொல்வது தவறு என்று விளக்கினார்கள். இத்தகைய கருவிகள் மேல் காது கேளாதோருக்கு எழும் சினத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாத குழந்தைகளின் பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சுப் பயிற்சியே தர வேண்டும் என்று தீர்மானித்தது. வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானம் உலகெங்கும் பல தலைமுறைக் குழந்தைகளிடமிருந்து அவர்களுடைய மொழியைப் பறித்தது. 2010-இல் வான்கூவரில்தான் அதற்கு முறையான வருத்தம் தெரிவிக்கப்பட்டது. உங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும் என்ற குரலை நல்லெண்ணம் நிறைந்த ஒரு மாணவர் அணியிடம் கேட்டாலும் காது கேளாதோர் துணுக்குறுவது இயல்பு.

இதற்கு நேரெதிரான வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. 2000-களின் நடுவில் தில்லி ஐஐடியில் இளநிலை மாணவர்கள் சிலர் பாடத்திட்டப் பணியாகத் தொடங்கியது 'ஸ்மார்ட்கேன்'. பார்வையற்றோர் வெண்கோலைத் தரையில் தட்டிப் பள்ளம், படி, கல் எல்லாவற்றையும் கண்டுகொள்கிறார்கள். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கோல் காட்டாது. தாழ்ந்த மரக்கிளை, திறந்திருக்கும் சன்னல் கதவு, நிற்கும் லாரியின் பின்பலகை எல்லாம் முகத்தில் மோதிய பிறகுதான் தெரியும். தீர்க்க வேண்டிய சிக்கல் இது என்று பயன்படுத்துவோர் வழியாகத் தெரிந்தது, எனவே மாணவர்கள் கோலை மாற்றவே முயலவில்லை. அதன் கைப்பிடியில் பொருத்திக்கொள்ளும் ஒரு சிறு கருவியைச் செய்தார்கள். அதிலிருந்து மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி புறப்பட்டு, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் கிளையிலிருந்து எதிரொலி வந்துசேர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிட்டு, தடை நெருங்க நெருங்க மாறும் அதிர்வாகக் கைப்பிடி உணர்த்துகிறது. குரலாகச் சொல்லாமல் அதிர்வாகச் சொல்வதிலும் காரணம் உண்டு. தெருவில் நடக்கும் பார்வையற்றவருக்குக் காதுதான் வழிகாட்டி, அதை அடைத்துவிடக் கூடாது.

இந்தக் கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2014-இல். தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். இடைப்பட்ட ஆண்டுகளில் தில்லியின் 'சக்ஷம்' போன்ற அமைப்புகளோடு சேர்ந்து, பார்வையற்ற பயனாளர்களின் கையில் கொடுத்து, குறை கேட்டு, திரும்பத் திரும்ப மாற்றினார்கள். கோலைப் பிடிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். மடக்கிப் பையில் வைக்க முடிய வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது. வாங்கக்கூடிய விலைக்குள் இருக்க வேண்டும். மேடைச் செயல்விளக்கத்தில் இவற்றில் எதுவும் தெரியாது. ஆனால் ஒருவர் இந்தக் கருவியை மறுநாளும் கையிலெடுப்பாரா என்பதை இவைதான் முடிவுசெய்கின்றன.

36 மணி நேர ஹேக்கத்தானில் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போட்டியின் நோக்கமே கற்றல், ஒரு முன்மாதிரி போதும் என்பதும் உண்மை. போட்டிகளே வீண் என்று நான் வாதிடவில்லை. 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் நடந்த 'மேக்எம்ஐடி' ஹேக்கத்தானில் மாணவியர் ஆறு பேர், அச்செழுத்தைப் படமெடுத்து, மேலெழும் புள்ளிகளாக விரலுக்குத் தரும் பிரெயில் கருவியின் முதல் வடிவத்தை ஒரே நாளுக்குள் செய்தார்கள். பிரெயில் திரைகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர், அச்சு நூல்களில் மிகச் சிலவே பிரெயிலில் வருகின்றன என்ற கண்கூடான தேவையிலிருந்து அது புறப்பட்டது. போட்டி முடிந்த பிறகும் அவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். கால அவகாசம் கையுறை அணிகளுக்கும் இவர்களுக்கும் குறைவுதான். வேறுபாடு சிக்கலைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. அந்தத் தேர்வு முதல் மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. தவறாகத் தேர்ந்த சிக்கலுக்கு ஐந்து ஆண்டு கொடுத்தாலும் கூடுதல் உணரிகள்தான் சேரும்.

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல்தானே என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மொழிபெயர்ப்புக் கருவி வந்துவிட்டது என்று செய்தித்தாள் எழுதினால், மருத்துவமனையில் சைகை மொழிபெயர்ப்பாளர் எதற்கு, பள்ளியில் சைகை தெரிந்த ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது காரணமாகிவிடும். கையுறைக்குப் பதிலாகக் கேமரா வைத்தால் முகமும் கிடைக்குமே என்ற மறுமொழியில் பாதி உண்மை இருக்கிறது. முகம் கிடைக்கும். ஆனால் பயிற்றுவிக்க வேண்டிய காணொளிகளைத் தருபவர் யார், விளைவைச் சரிபார்ப்பவர் யார் என்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

நம் மாணவர்கள் கையிலெடுக்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஒரு சொல்லைக் கொடுத்து அதற்கான சைகையைத் தேடுவது எளிது. சைகையைப் பார்த்த ஒருவர், காது கேளாத குழந்தையின் தாய் என்று வைத்துக்கொள்வோம், அதன் பொருளைத் தேட என்ன செய்வார்? கை வடிவம் இது, முகத்தருகே தொடங்கியது, வெளிப்புறமாக நகர்ந்தது என்று ஸ்டோக்கி பிரித்த அதே கூறுகளைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தும் சைகைகளைத் தமிழ்ப் பொருளோடு காட்டும் ஒரு தேடல் செயலி போதும். உணரி வேண்டாம், கையுறை வேண்டாம். சைகை கற்கும் பொறுப்பு காது கேட்கும் தாயின் பக்கம் வருகிறது. 36 மணி நேரத்தில் நூறு சைகைகளுக்கு இதன் முன்மாதிரி செய்துவிடலாம், எந்த வடிவத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று சொல்லச் சைகையாளர் ஒருவர் அணியில் உட்கார்ந்திருந்தால். அவர் பேசுவதை மற்றவர்கள் புரிந்துகொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரும், பரிசை முடிவுசெய்யும் நடுவர் குழுவில் இன்னொரு சைகையாளரும் வேண்டும். போட்டி நடத்தும் கல்லூரிகள் உணவுக்கும் பனியனுக்கும் ஒதுக்கும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.