வீட்டு பிளானில் கையெழுத்துப் போடுகிறவர் யார்?

ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் முப்பதுக்கு நாற்பது அடி சைட் என்றாலே பெரிய சொத்து. இருபதுக்கு முப்பது அடியில் மாடிமேல் மாடி எழுப்பி, கீழே தாங்கள் குடியிருந்து, மேலே வாடகைக்கு விடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பி.எப். பணம், மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போய்விடுகின்றன.

அந்த வீட்டுக்கு பிளான் போடும் உரிமை யாருக்கு? மேஸ்திரிக்கா, என்ஜினீயருக்கா, ஆர்க்கிடெக்டுக்கா? இந்தக் கேள்வியை வைத்து நம் நாட்டுக் கட்டிடக் கலைஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள்.

பட்டம் மட்டும் காவலில்!

தங்கள் தொழிலுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. 1972-ம் ஆண்டு பார்லிமெண்டு "ஆர்க்கிடெக்டுகள் சட்டம்" இயற்றியது. அதன்படி ஒரு கவுன்சில் அமைக்கப்பட்டது. உரிய படிப்பு முடித்தவர்களின் பெயர்கள் அதன் பதிவேட்டில் சேர்க்கப்படுகின்றன.

பதிவு செய்யாதவர் "ஆர்க்கிடெக்ட்" என்று பலகை மாட்டினால் குற்றம். முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைச் சூடாமல் கட்டிட வடிவமைப்பு வேலையை மட்டும் செய்தால்? இங்கேதான் தகராறு.

டாக்டருக்குப் படிக்காதவர் ஆபரேஷன் செய்ய முடியுமா? வக்கீலுக்குப் படிக்காதவர் கோர்ட்டில் வாதாட முடியுமா? அப்படியானால் எங்கள் தொழிலுக்கு மட்டும் ஏன் வேலி இல்லை? இது ஆர்க்கிடெக்டுகளின் கேள்வி.

தூணும் கம்பியும் தாங்குமா என்று கணக்குப் போடுவது நாங்கள்தானே, எங்களைத் தள்ளிவைத்தால் எப்படி? இது என்ஜினீயர்களின் பதில்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

2020-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை சொன்னது. நொய்டாவில் ஒரு பதவி உயர்வு பற்றி எழுந்த வழக்கு அது. நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி ஆகியோர் தீர்ப்பளித்தனர். 1972-ம் ஆண்டு சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது. வடிவமைப்பு, மேற்பார்வை, கட்டுமானம் ஆகிய வேலைகளை ஆர்க்கிடெக்டுகளுக்கு மட்டும் ஒதுக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் மேஸ்திரி போட்டுத் தரும் பிளானே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிளானை அங்கீகரிப்பது உள்ளாட்சி மன்றம். ஆர்க்கிடெக்ட், என்ஜினீயர், சூப்பர்வைசர் என்று அது வைத்திருக்கும் பட்டியலில் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். எந்த அளவு கட்டிடத்துக்கு யார் கையெழுத்துப் போடலாம் என்று 1970-ல் முதலில் வெளியாகி, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட தேசியக் கட்டிட விதித்தொகுப்பும் வழிகாட்டுகிறது. ஆனால் அது யோசனைதான். உள்ளூர் விதியில் சேர்த்தால்தான் கட்டாயம் ஆகும்.

இந்த ஓட்டையில்தான் "கையெழுத்து வியாபாரம்" நுழைகிறது. பிளான் போடுவது ஒருவர், சைட்டையே பார்க்காமல் முத்திரை குத்துவது இன்னொருவர், கட்டுவது மூன்றாமவர். விபத்து நடந்தால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

பலியாவது கூலிக்காரர்

ஒக்கலிபுரத்துக்குப் பக்கத்தில், சுபேதார் சத்திரம் ரோடு பகுதியில், 1983-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி கங்காராம் கட்டிடம் இடிந்து விழுந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 123 பேர் மாண்டனர். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். 2024 அக்டோபரில் பெங்களூர் பாபுசாபாளையாவில், அனுமதியை மீறி எழும்பிய கட்டிடம் மழை நாளில் விழுந்து தொழிலாளர்களை விழுங்கியது. ஊரை விட்டுப் பிழைக்க வந்த சித்தாளும் கொத்தனாரும்தான் ஒவ்வொரு தடவையும் இடிபாட்டில் சிக்குகிறார்கள்.

2024-ல் அப்போதைய பெங்களூர் மாநகராட்சி "நம்பிகெ நக்ஷெ" என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. நம்பிக்கை வரைபடம் என்று பொருள். 50-க்கு 80 அடி வரையுள்ள சைட்டில் கட்டும் வீட்டுக்கு, பட்டியலில் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் அல்லது என்ஜினீயரே ஆன்லைனில் தற்காலிக அனுமதி தரலாம். தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறை வந்தது. ஊரில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இது உதவும்.

ஆபீஸ் படியேறி அலைவது குறையும், நல்லதுதான். ஆனால் அதிகாரி முன்கூட்டியே பார்ப்பது குறையும்போது, கையெழுத்துப் போடுகிறவரின் பொறுப்பு கூடுகிறது. ஆர்க்கிடெக்டா, என்ஜினீயரா என்ற வழக்கை அவர்கள் நடத்தட்டும். வீடு கட்டுகிறவர் கேட்க வேண்டியது வேறு.

"உங்கள் பதிவு எண் என்ன? அஸ்திவாரம் தோண்டும்போதும், கம்பி கட்டும்போதும், சென்டரிங் போடும்போதும் நீங்களே வந்து பார்ப்பீர்களா? அதை எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். தயங்குகிறவரிடம் பிளானைக் கொடுக்காதீர்கள். மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அனுமதி வாங்காத மாடியை எழுப்பச் சொல்லாதீர்கள். வாடகை ஆசையில் போடும் அந்த மாடியின் பாரத்தைத் தாங்க வேண்டியது கீழே உங்கள் பிள்ளைகள் படுத்திருக்கும் அறை.