மூலிகைக் களிம்பு பூசும் முன்… ஜவ்வாது மலை மக்களுக்கு ஒரு விளக்கம்

ஜமுனாமரத்தூர் ஆகட்டும், புதூர்நாடு ஆகட்டும், மழைக்காலம் வந்துட்டா ஜவ்வாது மலையில் பாதி நாள் ஈரத்துணியோடுதான் வேலை. இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என ஈரம் தங்கும் இடங்களில் வட்ட வட்டமாக அரிப்பு கிளம்பும். ஓரம் தடித்து, நடுவில் வெளிறிப் படரும். இதுதான் படர்தாமரை. பூஞ்சையால் வரும் தொற்று.

உடனே மூலிகைக் களிம்பைத் தேடுகிறோம். அதில் தவறில்லை. வண்டுகொல்லி என்று நாம் சொல்லும் சீமை அகத்தி இலை, படர்தாமரைக்கு வெகுகாலமாகப் பயன்படுவது. பூஞ்சையை அடக்கும் கிரைசோபானிக் அமிலம் அதில் இருக்கிறது. சீமை அகத்திக் களிம்பு என்ற பெயரிலேயே சித்த மருந்தும் உண்டு. ஆனால் "பச்சிலைதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று இருந்துவிடாதீர்கள். மூலிகையும் மருந்துதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மருந்துச் சட்ட விதிகளின்படி சித்த, ஆயுர்வேதக் களிம்பின் மேலுறையில் இவை இருக்க வேண்டும்:

• சித்த மருந்து அல்லது ஆயுர்வேத மருந்து என்ற குறிப்பு
• சேர்ந்துள்ள மூலிகைகளின் பட்டியல், அளவு
• தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண்
• தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள்
• வெளிப்பூச்சுக்கு மட்டும் என்ற எச்சரிக்கை

இவை எதுவும் இல்லாத டப்பா சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீங்க. பூசிய இரண்டே நாளில் அரிப்பு மாயமாகி, நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகப் படர்ந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அரிப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. நாளாக நாளாகத் தோலை மெலிய வைக்கும். அதனால்தான் இவ்வகை ஆங்கில மருந்துக் களிம்புகளையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

பூசும் முறை

முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மறுநாள் வரை எரிச்சல், தடிப்பு இல்லையென்றால் பயன்படுத்தலாம். இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, படையின் ஓரத்தைத் தாண்டியும் மெல்லியதாகப் பூசவும். கண், வாய், திறந்த புண் பக்கம் வேண்டாம். அரிப்பு நின்றதும் களிம்பையும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது. மருத்துவர் சொன்ன நாள் வரை பூசுங்கள். துண்டு, உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் எடுக்க வேண்டாம்.

இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும்.

களிம்பை நம்பிக் காத்திருக்கக் கூடாதவை

வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? அந்த இடத்தில் அரிப்பே இல்லை, தொட்டாலும் கிள்ளினாலும் தெரியவில்லையா? அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து சிகிச்சையில் முழுமையாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாமதித்தால்தான் கை, கால் ஊனம் வரும். மாதக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டே இருப்பதும் தாமதம்தான்.

காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் வீக்கம், சர்க்கரை நோயாளியின் காலில் புண், கைக்குழந்தைக்கு வரும் தோல் தொற்று ஆகியவற்றுக்கும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

எங்கே கேட்பது?

அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். போகும்போது இதுவரை பூசிய டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. மருத்துவருக்கு அது உதவும். மருத்துவ ஆலோசனைக்கு 104. போலி மருந்து என்று சந்தேகம் வந்தால், டப்பாவையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் அல்லது முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இல் தெரிவிக்கலாம்.