மூக்கும் மண்ணைப் படிக்கும்

மண் பரிசோதனை செய்வது நல்லதுதான். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எவ்வளவு என்று மூக்கு சொல்லாது. ஆனால் "இந்த மண்ணு உசுரோட இருக்கா?" என்று கேட்டால், முதல் பதில் மூக்கிலிருந்துதான் வரும்.

கோடை மழை விழுந்ததும் எழும் வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பீட்ரூட்டில் அடிக்கும் மண்வாடையும் அதுதான். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வங்கியில் விவசாயக் கடன் பார்த்த காலத்தில் சிட்டா, அடங்கல் வழியாகத்தான் எனக்கு நிலம் தெரியும். இப்போது கையும் மூக்கும்தான் ஆவணம்.

மக்கு உரக் குவியலைக் கிளறிப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து அதிகம். காய்ந்த சருகு, வைக்கோல் சேர்க்க வேண்டும். அழுகல் நாற்றம் என்றால் காற்று போதவில்லை. புரட்டிப் போட வேண்டும். மழை பெய்த காட்டு மண் வாசனை வந்தால் உரம் தயார். நெல் வயலில் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை வடித்துக் காயவிட வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்க ஊர் நடவு ஆட்கள். "மோந்து பாருங்க சார்" என்று ஒரு அம்மா கைப்பிடி மண்ணை நீட்டுவார். அவருக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் யாரும் வயலில் இறங்குவதில்லை. அந்த அறிவு எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. கைக்குக் கை மாறினால்தான் உண்டு.

ஊர்ப்பற்றைக் கூட நாம் 'மண்வாசனை' என்றுதானே சொல்கிறோம்! முகர்ந்தது நினைவாகி, நினைவு உறவாகி, அப்புறம்தான் அது கருத்தாகிறது. முகராத பிள்ளைக்கு அது வெறும் சொல்.

அடுத்த மழைக்குப் பிறகு வரப்பு, மரத்தடி, நடுவயல் மூன்றிலும் ஒரு பிடி மண் எடுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் முகரச் சொல்லுங்கள். எது எப்படி மணக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.